தொட்டிக்குப் பின்னால் இருந்த வால்வு

யார் வீட்டுக்குப் போனாலும் எங்கள் அண்ணியின் கண்ணில் முதலில் படுவது குக்கர் வாஷர்தான். கொடுத்த காப்பியைக் குடிப்பார். டம்ளரைக் கீழே வைத்த கையோடு, "இதை எப்பவாவது கழட்டித் தேய்ச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். வீட்டுக்காரர் முழிப்பதற்குள் வாஷர் அவர் கையில் இருக்கும். உள்பக்கம் விரலால் ஒரு சுற்று வழித்து, மூக்கருகே கொண்டுபோய், "ம்" என்பார். அந்த ஒற்றை "ம்"முக்குப் பயந்தே எங்கள் உறவில் பாதிப் பேர் அவர் வருகிறார் என்று தெரிந்தால் சமையலறையைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவுவார்கள்.

அவருடைய வேலை அப்படி. பால் பதப்படுத்தும் ஆலையில் கழுவும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் கேன் கழுவத் தற்காலிகமாகச் சேர்ந்தவர், கேனிலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து குழாய்க்குமாக நகர்ந்து, எட்டுப் பேரை வேலை வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டார். பாலைச் சூடாக்குவதும் குளிர வைப்பதும் பையில் அடைப்பதும் மற்றவர்கள் பாடு. பால் போன வழியைக் கழுவுவது அண்ணியின் பாடு. காரக் கரைசல், வெந்நீர், அமிலம், குளோரின் எல்லாம் வரிசையாகக் குழாய்க்குள் தானே ஓடும். வால்வுகள் மட்டும் அப்படியில்லை. ஒவ்வொன்றையும் ஸ்பேனர் போட்டுக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்ட வேண்டும்.

அதே ஆலையில் பரிசோதனைக் கூடத்தில் என் அக்கா வேலை செய்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அண்ணன் அண்ணியோடு இருப்பவள். பாலில் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, இதமான சூட்டில் வைத்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ அதில் முளைக்கும் புள்ளிகளை எண்ணுவது அவள் வேலை. ஒரு புள்ளி என்றால் ஒரு கிருமியின் மொத்தக் குடும்பம். அண்ணி அவளுக்கு வைத்த பெயர் "புள்ளி". "நான் கொல்றேன், இவ எழவுக்கு ஆள் எண்ணுறா" என்பார். நாத்தனார் என்ற முறையில் அக்காவும் சும்மா இருக்கமாட்டாள். "நீங்க ஒழுங்கா கொன்னா எனக்கு எண்ணுற வேலையே இல்லையே அண்ணி!"

அக்கா இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆலை முழுவதும் அவர் அண்ணியாகிவிட்டார். அவரைவிட வயதில் மூத்த மேலாளரே "அண்..." என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமி, "அம்மா" என்று முடிப்பார்.

வீட்டில் இருவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சோதனை முடிவை அக்கா வீட்டில் சொல்லக்கூடாது, அண்ணியும் கேட்கக்கூடாது. ஆனாலும் அண்ணிக்குத் தெரிந்துவிடும். புள்ளிகள் ஏறிய நாளில் அக்கா இரண்டாம் தரம் சோறு கேட்கமாட்டாள்.

போன மழைக்காலத்தில் அக்கா நாலைந்து நாள் தொடர்ந்து இரண்டாம் தரம் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டனுப்பினார். பால் சீக்கிரம் திரிகிறது என்று கடைகளிலிருந்து திரும்பி வந்திருந்தது.

"வெளிக் கம்பெனி ஒண்ணு கழுவித் தர்றோம்னு கேக்குது. அவங்க ஆளு, அவங்க மருந்து. அடுத்த வாரச் சோதனையும் இப்படியே இருந்தா, வேலையை அவங்ககிட்ட குடுக்கச் சொல்லி மேலேருந்து உத்தரவு."

"என் ஆளுங்க?"

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா வீட்டுக்குப் போங்கன்னு அர்த்தமா?"

மேலாளர் மேஜையிலிருந்த பேனாவை மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

இந்தச் செய்தி தொலைபேசியில் என்னை எட்டியதும், நான் இருக்கும் நாட்டிலிருந்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தேன். அண்ணிக்குத் தோதான வேலை விளம்பரங்களாகத் தேடி வரிசையாக அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரே பதில் வந்தது. "தம்பி, பாலே இன்னும் திரியல, நீ அதுக்குள்ள பாத்திரத்தைக் கவுக்கிறே. போய்த் தூங்கு."

அண்ணி முதலில் மருந்தைக் கூட்டினார். குளோரின் நெடியில் எட்டுப் பேருக்கும் கண் எரிந்தது. மறுநாள் புள்ளிகள் குறைந்தன. அதற்கு அடுத்த நாள் பழையபடி ஏறின. அன்று இரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"புள்ளி, ஆபீஸ் விஷயம் வேணாம். பொதுவா கேக்கிறேன். இவ்ளோ மருந்துக்கும் சாகாதது என்ன ஜென்மம்?"

"பொதுவா சொல்றேன்" என்றாள் அக்கா. "தனியா மிதக்கிற கிருமி மருந்து பட்டதும் செத்துடும். ஆனா ஒரு மூலையில ஒட்டி உக்காந்துடுச்சுன்னா கதை வேற. பசை மாதிரி ஒண்ணை விட்டு அதுக்குள்ள கூட்டமா குடியிருக்கும். மேல இருக்கிறது மருந்தை வாங்கிட்டுச் செத்துடும். மருந்தோட வீரியம் அதோட தீந்துபோகும். அடியில இருக்கிறது சௌக்கியமா இருக்கும்."

"அடப்பாவி. மேல இருக்கிறது தியாகியா?"

"தியாகமெல்லாம் இல்ல அண்ணி, அதுக்கு என்ன தெரியும்? பக்கத்துல இருக்கிறது பெரும்பாலும் அதோட பிள்ளை, பேரன்தான். அது செத்தாலும் வம்சம் நிக்குது. அந்த வம்சத்துக்கும் பசை விடுற குணம் இருக்கும். அப்படியே தொடருது."

"எல்லாமே பசை விடுமா?"

"அதான் வேடிக்கை. விடாத சோம்பேறியும் உண்டு. பசை செய்யறது செலவு. சும்மா இருக்கிறதுக்கு அந்தச் செலவு இல்ல, சீக்கிரம் பெருகும். படிக்கும்போது நானே பாத்திருக்கேன். ரெண்டு வகையையும் ஒரே குடுவையில போட்டுக் குலுக்கிக்கிட்டே இருந்தோம். கொஞ்ச நாள்ல சோம்பேறிதான் மிஞ்சிச்சு. ஏன்னா குலுக்கினா எது யார் பக்கத்துல இருக்கும்னு நிச்சயம் கிடையாது. ஒருத்தன் செலவு பண்றான், ஊரே அனுபவிக்குது. அசையாம ஒரு கண்ணாடித் தகட்டுல வளரவிட்டப்போ பசை விடுற வகைதான் நிலைச்சு நின்னுச்சு. சோம்பேறி ஓரமா ஒட்டிக்கிட்டுக் கிடந்துது."

அண்ணி குக்கர் வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்போ நான் தேட வேண்டியது மருந்து இல்ல, மூலை."

மறுநாள் கழுவி முடித்ததும், மேலாளரிடம் முறையாகக் கேட்டுவிட்டு, அக்கா ஒவ்வொரு வால்வையும் கழற்றாமல், அதன் வாய்க்குள் மட்டும் பஞ்சுக் குச்சியை விட்டுத் தடவி எடுத்தாள். குச்சிக்கு ஒரு தட்டு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது ஒன்றைத் தவிர எல்லாத் தட்டுகளும் வெறிச்சென்றிருந்தன. அந்த ஒன்றில் எண்ணவே முடியாதபடி புள்ளிகள் மொய்த்திருந்தன. பெரிய தொட்டிக்குப் பின்னால், சுவருக்கும் தொட்டிக்கும் இடையில், ஏணி போட்டு ஏறி உடம்பைப் பக்கவாட்டில் நுழைத்தால்தான் எட்டும் வால்வு அது.

அண்ணி தானே ஏறினார். நட்டு இறுகிப்போயிருந்தது. தொங்காத குறையாக ஸ்பேனரை அழுத்தி அதைக் கழற்றினார். வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இறங்கியபோது அது கையில் வழுக்கியது. ஓரத்தில் விரிசல், விரிசலுக்குள் மஞ்சளாகக் கொழகொழப்பு.

எட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் ஒருவரிடம் போனது. எதைச் சொன்னாலும் "இதோ வந்துட்டேன்" என்பார், வரமாட்டார். அதனால் அவருக்கு "இதோ" என்றே பெயர். அவர் விட்ட வேலையை மற்றவர்கள் முனகிக்கொண்டே செய்துவிடுவார்கள். அவர் சொல்லும் ஜோக்குக்காக மன்னித்தும் விடுவார்கள்.

"என்னை ஏன் பாக்கிறீங்க? நேத்து எனக்கு அந்த இடம் விழல" என்றார் இதோ.

"முந்தாநாள் விழுந்துச்சுல்ல?" என்றாள் சுருட்டை. சுருள்முடிக்காரி; பிரிவில் கைசுத்தமான வேலைக்காரி என்று பெயர் எடுத்தவள்.

"விழுந்துச்சு. திறக்கல. அதுக்கு முந்தின நாள் உனக்குத்தானே விழுந்துச்சு? நீ திறந்திருந்தா நட்டு இப்படியா இறுகும்?"

சுருட்டை கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஸ்பேனர் பிடிக்க ஆள் இல்ல. நாளைக்கு வர்றவங்க பாத்துப்பாங்கன்னு விட்டுட்டேன்."

அதன்பின் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவருமே அதைத் திறந்திருக்கவில்லை. அண்ணி வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "சுருட்டைக்கு ஜுரம் வந்தப்போ அவ சீட்டு எனக்கு வந்துச்சு. நானும் திறக்கல" என்றார்.

அங்கே சீட்டு என்றால் பிஸ்கட் டப்பாச் சீட்டு. கஷ்டமான மூலை ஒருவர் தலையிலேயே விழக்கூடாது என்று, தினமும் காலையில் எட்டு இடங்களையும் சீட்டில் எழுதி, டப்பாவில் போட்டு, அண்ணி கலகலவென்று குலுக்கி நீட்டுவார். அவருக்கு அதில் பெருமை உண்டு. யாரும் பாரபட்சம் என்று வாய் திறந்ததில்லை.

இப்போது டப்பா பக்கத்து ஜன்னலில் இருந்தது. அண்ணி அதை எடுத்தார். பழக்கத்தில் கை ஒருமுறை குலுக்கியது. சட்டென்று நிறுத்திவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"புள்ளி, குடுவையைக் குலுக்கினா என்ன ஆச்சுன்னு சொன்னே?"

"அண்ணி, அது கிருமி. இவங்க மனுஷங்க. ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க."

"போடல. எதிரிகிட்டேருந்து ஒரு யோசனை திருடறேன். உனக்கென்ன?"

சீட்டுகளைக் குப்பையில் கொட்டினார். "நாளையிலேருந்து குலுக்கல் கிடையாது. ரெண்டு ரெண்டு பேரு, ஒரு ஜோடியில மட்டும் மூணு. இன்னாருக்கு இன்ன இடம், நிரந்தரம். உங்க இடம் அழுக்கானா அது உங்க அழுக்கு, சுத்தமானா உங்க சுத்தம். நாளைக்கு வர்றவனும் நீதான், நேத்து வந்தவனும் நீதான்."

"தொட்டிக்குப் பின்னாடி யாரு?" என்று ஒரு குரல்.

"நான்."

"உங்களோட ஜோடி?"

"அதோ நிக்கிறாரே, அவரு."

இதோவின் முகம் தொங்கிவிட்டது. "அண்ணி, எனக்கு ஏணின்னாலே தலை சுத்தும்."

"ஏறப்போறது நான். நீங்க கீழே நின்னு ஏணியைப் பிடிச்சு ஸ்பேனரை நீட்டுங்க. நீட்டலேன்னா நான் அங்கேயே மாட்டிக்கிட்டு நிப்பேன். நான் இறங்காம சாப்பாட்டு மணி அடிக்காது."

அடிக்காது என்பது உண்மை. அந்த மணியை அடிப்பவரே அண்ணிதான்.

முதல் நாள் அண்ணி மேலே ஸ்பேனருக்குக் கை நீட்டியபோது கீழே யாரும் இல்லை. அவர் கூப்பிடவும் இல்லை, இறங்கவும் இல்லை. சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார். பசி நேரம் வந்தது. மற்ற ஏழு பேரும் தங்கள் இடத்தை முடித்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியருகே கூடினார்கள். வாசலில் யாருக்கோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்த இதோவைச் சுருட்டை தேடிப் பிடித்து இழுத்துவந்தாள்.

"இதோ வந்து..."

"வாயை மூடு, ஸ்பேனரை நீட்டு. பசிக்குது!"

இரண்டாம் நாள் அவர் ஏணியடியில் நின்றார், முனகிக்கொண்டே. அதன்பின் முனகல் நின்று ஜோக் ஆரம்பித்தது. "மேலே நிம்மதியா வேலை செய்ய விடமாட்டேங்கிறாரு" என்று அண்ணி வீட்டில் புகார் சொன்னார், சிரித்துக்கொண்டே. இதற்கிடையில் எல்லா வால்வுக்கும் புது வாஷர் போட்டாயிற்று. குளோரினும் பழைய அளவுக்கு இறங்கியது.

கெடுவாகச் சொன்ன சோதனை வந்தது. தட்டுகள் சூட்டுப்பெட்டிக்குள் இருந்த நாட்களில் நான் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டேன். "என்ன ஆகும் அண்ணி?" "என்ன ஆகும்? சுத்தமா இருக்கும். நான் திறந்து பாத்த மூலை அது, வேற யார் சொல்லணும்?"

முடிவு தெரிந்த நாள் இரவு, கட்டுப்பாட்டை மீறாமல், அக்கா வாய் திறக்காமல் சாப்பிட்டாள். முதல் தரம் முடிந்தது. தட்டைத் தள்ளி வைத்தாள். அண்ணி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அக்கா தட்டைத் திரும்ப இழுத்து, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள். அண்ணி மூன்று பேர் சாப்பிடும் அளவுக்குப் போட்டார். எதிரே இருந்த அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்கு?" என்றார்.

மறுநாள் மேலாளர் எட்டுப் பேரையும் கூப்பிட்டு, வெளிக் கம்பெனிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டதாகச் சொன்னார். "ரொம்ப நன்றி அண்ணி" என்றவர், இந்த முறை தொண்டையைச் செருமவில்லை.

கீழே வந்ததும் அக்கா அந்த வால்வின் தட்டை அண்ணியிடம் காட்டினாள். தட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளி.

"இது என்ன?"

"அது எப்பவும் இருக்கும் அண்ணி. ஒண்ணு ரெண்டு தனியா திரியறதால ஒரு கெடுதலும் இல்ல. உக்காந்து குடும்பம் நடத்தினாத்தான் ஆபத்து."

"உக்கார விட்டாத்தானே."

பிஸ்கட் டப்பாவில் இப்போது புது வாஷர்கள் இருந்தன. அண்ணி ஒன்றை எடுத்து வளையல் மாதிரி கையில் மாட்டிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போனார். "ஏணி எங்கே?" என்று குரல் கொடுத்தார்.

"இதோ" என்று பதில் வந்தது. ஏணி சுவரில் சாத்தியிருந்தது, அதன் அடியில் ஆளும் நின்றிருந்தார், ஸ்பேனரோடு.