பாகு முறுகிய நாள்

'இல்லை' என்ற சொல்லை எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக் கூடாது என்பதில் சிறுவயதில் எனக்குப் பெரிய குழப்பம் இருந்தது. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் 'அரிசி இல்லை' என்று சொல்லக் கூடாது. 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டும். உப்புக்கும் எண்ணெய்க்கும் அதே சட்டம்தான். ஒருமுறை வாய் தவறிச் சொல்லி உதட்டில் சுண்டு வாங்கியிருக்கிறேன். சுண்டிய அதே அம்மா, நான் நாலாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் காலையில் என்னை எதிரில் நிறுத்தி, வருகிற சார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடு என்றாள்.

அந்த சார் தாலுகா ஆபீஸ்காரர். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு மாதாமாதம் விதவைப் பென்சன் வந்துகொண்டிருந்தது. பிழைக்க வேறு வழி இல்லாதவர்களுக்கான பணம் அது. வாங்குகிறவர்கள் வீட்டையெல்லாம் பார்த்து எழுத வருகிறார் என்று ஊருக்குள் பேச்சு. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். அம்மா மிளகாய் பறிக்கப் போவாள். மழை ஏமாற்றிய வருஷத்தில் அதுவும் கிடையாது.

அந்த வருஷம்தான் அம்மா வீட்டிலேயே கடலைமிட்டாய் போட்டு, கோவில்பட்டிக் கடைக்காரர் ஒருவருக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் பாகு காய்ச்சுவாள். ஈ வராமல் இருக்க என்று நினைத்திருந்தேன். வெல்லம் கொதிக்கிற மணத்தைக் கதவு என்ன செய்யும்? தெருவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனது. விஷயம் தெரிந்தால் பென்சனை நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அத்தை எச்சரித்தாள்.

"மிட்டாய் ஒரு வாரம் போவுது, மறுவாரம் போவ மாட்டேங்குது மதினி. அத நம்பிப் பென்சன விடவா? பென்சன மட்டும் நம்பிப் பிள்ளைய வளக்கவா?" என்றாள் அம்மா.

மிட்டாய் விற்றால் பணம் வரும். பணம் வந்தால் பணம் நின்றுவிடும். இந்தக் கணக்கு எங்கள் டீச்சருக்கே வராது என்று எனக்குத் தோன்றியது.

பெரிய மீசையோடு ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தவரோ வெயிலில் வாடி, கழுத்தைத் துடைத்தபடி முதலில் தண்ணீர் கேட்டார். மிட்டாய் டின் கட்டிலுக்கு அடியில் பழைய சேலைக்குள் இருந்தது. அம்மாவிடம் ஏதேதோ கேட்டு எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல அரிசி இருக்கா பாப்பா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அன்று வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாக்கு தானாகவே திரும்பிக்கொண்டது. "நிறைஞ்சிருக்கு சார்" என்றேன்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சார் எழுந்துபோய்ப் பானையைத் திறந்து பார்த்தார். காலி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாள் என்று சொல்லி, பேப்பரில் ஏதோ எழுதினார். அம்மா மூச்சுவிட்டாள். நான் தப்பாகச் சொன்னதா, சரியாகச் சொன்னதா என்று விளங்கவில்லை. ஆனால் அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பிடித்த மனிதரை வெறும் தண்ணீரோடு அனுப்பலாமா? அம்மா கண்ணைக் காட்டுவதற்குள் கட்டிலுக்கு அடியில் புகுந்து, தட்டில் இரண்டு துண்டு மிட்டாய் வைத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

அவர் ஒரு கடி கடித்தார். "நல்லாருக்கே. கடையில வாங்குனதா?"

ஆமா சார் என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்குக் காலையில் அம்மா சொல்லிக்கொடுத்த 'இல்லை' பாடம் நினைவுக்கு வந்தது. அரிசி விஷயத்தில்தான் கோட்டை விட்டேன், இதையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

"இல்ல சார். அம்மா போட்டது. கடைக்கே எங்க வீட்டுலருந்துதான் போவுது."

சொல்லிவிட்டு அம்மாவைப் பெருமையோடு பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் கடித்த மிட்டாயைத் தட்டிலேயே வைத்தார். முன்பு எழுதியதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுதினார். என்னைப் பார்க்காமல், அம்மாவிடம் மட்டும் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அம்மா பேங்கிலிருந்து வெறுங்கையோடு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பென்சன் நின்றுவிட்டது என்று அத்தையிடம் சொன்னதைக் கேட்டேன். யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரே ஒரு காரணம்தான் அகப்பட்டது. அவர் மிட்டாயை முழுசாகத் தின்னவில்லை.

"அந்த சாருக்கு மிட்டாய் பிடிக்கலியாம்மா? அதான் நிறுத்திட்டாவளா?"

அத்தை ஏதோ சொல்ல வந்தாள். அம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"ஆமாட்டி. அன்னைக்குப் பாகு கொஞ்சம் முறுகிட்டு."

அதற்குப் பிறகு அம்மா மிட்டாய் போடும்போதெல்லாம் நான் அடுப்பை விட்டு நகர மாட்டேன். பாகைத் தண்ணீரில் சொட்டுவிட்டுப் பதம் பார்த்து, அம்மா போதும் என்பதற்கு முன்னால் நானே போதும் என்பேன். ஒவ்வொரு முறையும் உடையாத துண்டாகப் பார்த்து இரண்டை ஒரு கிண்ணத்தில் போட்டு, சார் அடுத்து வரும்போது கொடுக்கலாம் என்று தனியாக மூடி வைத்தேன். ஒரு துண்டு குறைந்தாலும் தேடுகிற அம்மா, அந்தக் கிண்ணத்தை மட்டும் ஏன் என்று கேட்கவே இல்லை.