பல் பிடுங்கிய அன்று மறந்த பாஸ்வேர்டு

சின்னவேடம்பட்டிப் பக்கம் பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கண்ணையா ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தபோது அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. பிறகு ஒன்று வந்தது. முதலாளி நஞ்சப்பன் அதை வாங்கி வைத்துவிட்டு, கிட்டப் போகவே பயந்தார். கண்ணையா மட்டும் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அன்று உட்கார்ந்தவர்தான். நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் ஆபீசுக்கே சிஸ்டம்காரர் ஆகிவிட்டார். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஏறவில்லை, மரியாதை ஏறியது. கண்ணையாவுக்கு அது போதுமாக இருந்தது. அவர் மனைவிக்குத்தான் போதவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கலாம். ஆனால் புதிதாக எதையாவது அதில் ஏற்ற வேண்டும் என்றால், ஒரு பிரிண்டரைச் சேர்ப்பதாக இருந்தாலும் சரி, அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அது கண்ணையா ஒருவருக்குத்தான் தெரியும். அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பில் போடுகிற ஹர்ஷிணி, "ஏனுங்கண்ணா, சித்த வந்து போட்டுக் குடுங்க" என்று கூப்பிடுவாள். கூப்பிட்ட உடனே போய்விட்டால் மதிப்பு என்ன ஆவது? டீயைக் குடித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக வருவார். உட்கார்ந்ததும் முதல் வேலை, "அல்லாரும் அக்கட்டால திரும்பிக்குங்க" என்பது. எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். காசு போட்டு வாங்கிய நஞ்சப்பனே திரும்பிக்கொள்வார். கண்ணையா இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு வலது கையால் அடிப்பார். வேலை முடிந்ததும் ஒரு சின்னச் செருமல். அதற்குப் பிறகுதான் திரும்பலாம்.

இந்த ராஜ்ஜியத்துக்கு ஒரே ஒரு ஆபத்து வந்தது. நஞ்சப்பனின் மகன் ரூபன் படித்து முடித்துவிட்டுக் கம்பெனிக்கு வர ஆரம்பித்தான். ஒருநாள் அப்பாவிடம், "சரவணம்பட்டில ஒரு கம்பெனி இருக்குதுங்கப்பா. சிஸ்டம் வேலையெல்லாம் அவங்ககிட்டயே குடுத்துப்போடலாம்" என்றான்.

"கண்ணையா இருக்கறப்ப அது எதுக்கு கண்ணு?" என்றார் நஞ்சப்பன்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த கண்ணையாவின் காதில் இது விழுந்தது. பாஸ்வேர்டு கையில் இருக்கும் வரைக்கும்தான் அந்த நாற்காலி என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அது போனால் மறுபடி ஸ்டோர்தான். ஐம்பத்தாறு வயதில், ஏணியில் ஏறி மேல் ரேக்கிலிருந்து பேரிங் பெட்டி இறக்க வேண்டும். அன்றிலிருந்து இடது கையால் மறைத்துக்கொள்வதோடு முதுகையும் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில்தான் கடைவாய்ப் பல் ஒன்று அவரைப் படுத்தி எடுத்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சை அதக்கியபடி நேரே ஆபீசுக்கு வந்தார். லீவு போட முடியாத நாள் அது. ஒரு குடிநீர்த் திட்டத்துக்குச் சாமான் சப்ளை செய்யும் டெண்டரைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்ப வேண்டும். மதியம் மூன்று மணியோடு கதவு சாத்திவிடுவார்கள். டெண்டரில் போடுகிற டிஜிட்டல் கையெழுத்து, பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னச் சாமானில் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. அது வேலை செய்ய அதற்கான சாப்ட்வேரை ஏற்ற வேண்டும். ஏற்றினால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்.

கேட்டது. கண்ணையா கையைச் சுழற்றிக் காட்டினார். எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். அவர் விரல் கீபோர்டு மேலே போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

கண்ணையாவுக்கே தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடலாம். அவர் பாஸ்வேர்டை மனதில் வைத்திருக்கவில்லை, வாயில் வைத்திருந்தார். இத்தனை வருஷமும் ஒவ்வோர் எழுத்தையும் முணுமுணுத்துக்கொண்டேதான் அடித்திருக்கிறார். முணுமுணுப்பு என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. பக்கத்து மேஜைக்குத் தெளிவாகக் கேட்கும். மருதமலை என்று இங்கிலீஷில், அதில் முதல் எழுத்து பெரிசு, அப்புறம் ஈமெயிலில் வருமே அந்த அட், அப்புறம் மலைக்குப் போகும் பஸ் நம்பர் எழுபது. சுவரைப் பார்த்து நின்ற அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். கூட்டுகிற பழனியாத்தாளுக்கும் தெரியும். டீக்கடையிலிருந்து கேனோடு வருகிறவருக்கும் தெரியும். பெரிய மனிதர் முகம் வாடிவிடக் கூடாதே என்று யாரும் வாய் திறந்ததில்லை.

இன்றைக்கு வாயில் பஞ்சு. சத்தம் வரவில்லை, எழுத்தும் வரவில்லை. எதையோ அடித்தார், தப்பு. வேறு மாதிரி அடித்தார், அதுவும் தப்பு. பஞ்சைத் துப்பிவிட்டு வந்து அடித்துப் பார்த்தார். அதற்குள் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. பயத்தில் மகள் பெயர், குலதெய்வம், பழைய மொபட் நம்பர் என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டார். கடைசியில், கொஞ்ச நேரம் கழித்து வா என்று கம்ப்யூட்டரே அவரை வெளியே அனுப்பிவிட்டது.

"சர்வர் கோளாறு" என்றார் கண்ணையா, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

எந்த சர்வர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹர்ஷிணி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள். டெண்டரைத் தயார் செய்தவள் அவள்தான்.

"ஏனுங்கண்ணா, இந்த மாசம் கோயிலுக்கு எங்கயும் போகலீங்களா?" என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"எந்தக் கோயிலு?"

"மலை மேல இருக்குதுல்லங்கண்ணா, படியேறிப் போவாங்களே."

"வேலை நேரத்துல கோயில் பேச்சு எதுக்கு அம்மணி?"

பழனியாத்தாள் விளக்குமாற்றோடு வந்து, "என்ற ஊட்டுப் பக்கம் இப்பெல்லாம் எழுவதாம் நம்பர் பஸ்ஸு சரியாவே வாரதில்லீங்க சாமி" என்றாள். தன் வீட்டுப் பக்கம் அந்த பஸ் எந்தக் காலத்திலும் வந்ததில்லை என்பது அவளுக்கும் தெரியும். கண்ணையா அவளை ஒரு முறை முறைத்தார். ஆளுக்கொரு பக்கம் சாவியைக் கொண்டு வந்து காலடியில் போடுகிறார்கள், மனுஷன் குனிந்து பார்த்தால்தானே?

அவர் ஸ்டோர் பின்பக்கம் போய், கோட்டைமேட்டில் கடை வைத்திருக்கும் யாகூபுக்கு ரகசியமாக போன் போட்டார். கம்ப்யூட்டரில் ஏதாவது உடைந்தால் மாற்றித் தருகிறவர் யாகூப். வேலையைப் போட்டுவிட்டு வண்டியில் வந்து சேர்ந்தவர், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

"இதைச் செருகி ஸ்டார்ட் பண்ணி, பாஸ்வேர்டை அழிச்சுப்போட்டுப் புதுசு வெச்சுக்கலாங்க. டீ குடிக்கற நேரந்தான் ஆகும்" என்றார்.

கண்ணையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் கைவைத்து மறைத்துக் காத்த கோட்டையை, சுண்டுவிரல் அளவு சாமான் டீ குடிக்கிற நேரத்தில் திறக்குமாம்.

"அப்பச் சீக்கிரம் பண்ணுங்க."

"முதலாளி ஒரு வார்த்தை சொல்லோணுங்க. மெஷின் அவருது. ஓனர் சொல்லாம பாஸ்வேர்டுல நான் கை வெக்கறதில்லீங்க."

கெஞ்சிப் பார்த்தார். யாகூப் அசையவில்லை. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கண்ணையா முதலாளி அறைக்குப் போனார். உள்ளே ரூபனும் இருந்தான். வேறு வழி இல்லை.

"மொதலாளிங்க, பாஸ்வேர்டு மறந்துபோச்சுங்க" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பல் வலி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

நஞ்சப்பன் மகனைப் பார்த்தார். மகன் மேஜையைப் பார்த்தான்.

"பதறாதீங்க கண்ணையா. ஒரு நிமிஷம் கண்ணை மூடி முருகனை நெனச்சுப் பாருங்க" என்றார் நஞ்சப்பன். "நம்ம பக்கத்துல இருக்கற முருகனை."

கண்ணையா கண்ணை மூடினார். பழனி முருகன் வந்து நின்றார்.

பொறுமை போய்விட்டது யாகூபுக்குத்தான். அறை வாசலில் நின்றுகொண்டிருந்தவர், "ஏனுங்க, போன தடவ நான் ஹார்ட் டிஸ்க் மாத்த வந்தப்ப சொல்லிட்டேதானுங்க அடிச்சீங்க? மருதமலை, அட்டு, எழுவது. அதையாவது போட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

கண்ணையா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. கோயில், பஸ், முருகன் எல்லாம் வரிசையாக வந்து அவர் மண்டையில் இடித்தன.

நேரே போய் அடித்தார். திறந்தது. டெண்டர் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஹர்ஷிணி பெருமூச்சு விட்டாள். கண்ணையா யாரிடமும் பேசாமல் ஸ்டோருக்குள் போய் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். மானம் போய்விட்டது என்பது ஒரு பக்கம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றவர்கள் அத்தனை நாளும் சிரித்துக்கொண்டா இருந்தார்கள் என்பது அதைவிட வலித்தது. பிடுங்கிய பல்லின் இடம் தேவலை போல இருந்தது.

நஞ்சப்பன் அங்கேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சிருந்தும் ஏனுங்க ஒருத்தரும் சொல்லலை?" என்று கேட்டார் கண்ணையா.

"சொன்னா நீங்க மாத்திப்போடுவீங்க. அப்பறம் நாங்க நெசமாலுமே மாட்டிக்குவமுங்க" என்றார் நஞ்சப்பன். "போன வருஷம் மக பிரசவத்துக்குன்னு நீங்க கோபிசெட்டிபாளையம் போயிட்டீங்க. புது பிரிண்டர் எப்படி ஓடுச்சுன்னு நெனச்சீங்க?"

"பிளக்கைச் செருகுனதும் அதுவா ஓடுச்சுன்னு ஹர்ஷிணி சொல்லுச்சுங்க."

"ம். அதுவாத்தான் ஓடுச்சு."

கண்ணையாவுக்குச் சிரிப்பு வந்தது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. அப்புறம் ஒன்று தோன்றியது. தெரியாதவர்கள் கூப்பிட்டால் அது தேவை. தெரிந்தவர்கள், டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்களே, அதற்கு என்ன பெயர்? அப்படி ஒரு மரியாதையை அவர் வீட்டில்கூட அனுபவித்ததில்லை. முதலாளியிடம் அதைச் சொல்லத் தெரியாமல், "நாளைக்கு மாத்திப்போடறனுங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து, பாஸ்வேர்டு மாற்றும் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நல்லதாக ஒன்று யோசித்தும் வைத்திருந்தார். யாருக்கும் தெரியாதது, வாயைத் திறக்காமலே அடிக்க வருவது. விரல் மேலே போயிற்று. மாற்றிவிட்டால் நாளையிலிருந்து எல்லோரும் வேறு வழியில்லாமல் கூப்பிடுவார்கள். நினைக்கவே என்னவோ போல இருந்தது. மாற்றாமல் மூடிவிட்டார்.

ஹர்ஷிணி வந்ததும், "மாத்திப்போட்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். கேள்வியில் கொஞ்சம் பயம் இருந்தது.

"மாத்தியாச்சு கண்ணு. இனி ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் கண்ணையா கம்பீரமாக.

அடுத்த வாரம் பல் பிடுங்கிய இடம் மறுபடி வலிக்க, இரண்டு நாள் லீவு போட்டார். திரும்பி வந்தபோது, லேபிள் அடிக்கிற புது மெஷின் ஒன்று வந்து, இணைத்து, டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு இல்லாமல் அது ஓடாது. பழையதையே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது திறந்தும் இருக்கிறது. அவர் சொன்ன பொய் ஊருக்கே தெரிந்துவிட்டது.

"இது எப்படி அம்மணி ஓடுது?" என்று கேட்டார்.

"அதுவா ஓடுதுங்கண்ணா" என்றாள் ஹர்ஷிணி, கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஸ்கேனருதான் ஆகவே மாட்டேங்குது. நீங்க வந்து போடோணும்னு ரூபன் சாரு அப்படியே வெக்கச் சொல்லிப்போட்டாருங்க."

கண்ணையா ஸ்கேனரைப் பார்த்தார். உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

"டீயைக் குடிச்சுப்போட்டு வாரேன்" என்றார்.