ஏரிக்கரைக் கல்லின் எழுபத்தொரு எழுத்து

வரலாற்று மன்றத்துச் செயலாளரின் வேலை, எப்போதோ செத்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்களின் காலைப் பிடிப்பது. ஏதாவது ஒரு சங்கத்தில் நோட்டுப் புத்தகம் சுமந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

புதியவர்கள் வந்த நாள்

அன்று அரூரில் மன்றத்து அறையில் இருந்தவர்கள்: தலைவர், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், இடது காது கேட்காது. புளி மண்டி முனிரத்தினம். எஸ்தர் டீச்சர், ஓய்வுபெற்று நான்கு மாதம். கம்பைநல்லூர்ப் பக்கத்து விவசாயி சின்னசாமி. நான். ஆக ஐந்து. பழைய உறுப்பினர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் மகனோடு ஓசூர் போய்விட்டார். அந்த மூன்று இடத்துக்குத்தான் முனிரத்தினம், டீச்சர், சின்னசாமி மூவரும். ஐந்து கையெழுத்தும் இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது என்பது எங்கள் விதி.

தீர்மானம் ஒன்றுதான். சின்னசாமியின் ஊர் ஏரிக்கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டியபோது ஒரு நடுகல் வெளிப்பட்டது. நடுவில் வில்லேந்திய வீரன், அவனைச் சுற்றி ஓரமெல்லாம் பழைய எழுத்து. யாரும் இன்னும் படித்ததில்லை. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, மை தட்டி, எழுத்தை அப்படியே எடுப்பார்கள். மைப்படி என்று பெயர். அதை எடுக்கத் தெரிந்தவர் சேலத்தில் இருந்தார். மன்றத்தின் தீர்மானம் கையில் வந்தால்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆகவே எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துப் படித்தேன். முடித்ததும் முனிரத்தினம் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டுங்க. எங்க மூணு பேருக்கும் என்ன பதவின்னு சொல்லவே இல்லீங்களே?"

மூவரும் துணைத் தலைவர்கள் ஆனார்கள்.

எண்ணிக்கை

கல்லைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது முறையல்ல என்றார் டீச்சர். நியாயம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். எழுத்து மொத்தம் எழுபத்தொன்று என்று சொன்னேன். முன்பே தனியாக வந்து மூன்று தடவை எண்ணியதில் ஒரு தடவை எழுபது வந்தது. நான்காம் தடவை மறுபடி எழுபத்தொன்று.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவன், எனக்குப் பழைய எழுத்து படிக்கத் தெரியாது என்றேன். பார்த்து வரைந்தாவது வைத்தீர்களா என்றார். வரைந்தேன். ஒரு சுழி பிசகினாலும் வேறு எழுத்தாகிவிடுமே என்று கிழித்துப் போட்டுவிட்டேன். அதையும் சொன்னேன். அவர் கேட்டார்: "படிக்கவும் தெரியாம, வரையவும் மாட்டேன்னா, எதுக்குங்க எண்ணி வெச்சீங்க?"



நாற்பத்திரண்டு படங்கள்

அன்றே முனிரத்தினத்தின் போனில் படம் எடுத்தார்கள். தோளில் துண்டு போட்டு ஒரு படம், துண்டை எடுத்துவிட்டு ஒரு படம், டீச்சர் கல்லைச் சுட்டிக்காட்டுவது போல ஒரு படம். மொத்தம் நாற்பத்திரண்டு. கல் தெரிவது ஆறில். அந்த ஆறிலும் உச்சி வெயிலில் கல் வெளுத்துப் போய், ஓரத்தில் எழுத்து இருந்ததற்கு அடையாளமே இல்லை. மற்ற முப்பத்தாறிலும் இருப்பது துணைத் தலைவர்களின் தோள்கள்.

கொஞ்சம் தள்ளி நின்றால் கல்லை மட்டும் ஒன்று எடுக்கலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். முனிரத்தினம் சட்டைக் காலரைச் சரி செய்தபடி சொன்னார்: "கல்லு எங்கீங்க ஓடிப் போவுது? ஆளுங்க ஒண்ணாச் சேர்றதுதான் கஷ்டம்."

நாலு கையெழுத்து

அடுத்த கூட்டத்தில் தலைவர் போட்டார், டீச்சர் போட்டார், முனிரத்தினம் போட்டார், நான் போட்டேன். சின்னசாமி பேனா மூடியைக் கழற்றியிருந்தார். அப்போது முனிரத்தினம், "வீரன் எங்க வகையறான்னு ஒரு வரி சேத்துக்குங்க, எங்க பெரியவங்க அந்த ஏரிக்கரையில பொங்க வெச்சவங்க" என்றார்.

சின்னசாமி பேனாவை மூடினார். "ஏரி எங்கூரு. கரை எங்கூரு. கல்லுல இருக்கறவன் மட்டும் உங்க ஊருங்களா?"

கையெழுத்து முதலில், வகையறா பிறகு, எழுத்தைப் படித்தால் அவன் பெயரே தெரிந்துவிடும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மனதுக்குள் முழுசாகச் சொன்னேன். வாய் திறப்பதற்குள் சின்னசாமி செருப்பை மாட்டிக்கொண்டார். அவருடைய வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு தலைவர் கேட்டார்: "என்ன, எல்லாரும் போட்டாச்சுங்களா?"

டைல்ஸ்

பதினேழு நாள் கழித்துச் சின்னசாமியே போன் செய்தார். குரலில் கோபமில்லை. ஏரிக்கரைக்கு வாங்க, நம்ம கல்லுக்கு ஒரு நல்லது செஞ்சிருக்கிறோம் என்றார். பஸ் பிடித்துப் போனேன்.

ஏரிக்கரையில் சிமெண்ட் மேடை. மேலே தகரக் கூரை. கல்லை நட்டு, சுற்றிலும் சட்டம் போல நீல டைல்ஸ் பதித்திருந்தார்கள். டைல்ஸ் பிடிக்க வேண்டுமென்று கல்லின் ஓரங்களைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். வீரனுக்கு மஞ்சள், குங்குமம், வெள்ளிக் கண். இனி யாரும் உரிமை கொண்டாட முடியாது, எல்லாருக்கும் பொதுவான வேடியப்பன் சாமியாகிவிட்டார் என்றார் சின்னசாமி. என் கையில் தொன்னை நிறையப் பொங்கல் வைத்தார். உண்மையான அன்போடுதான் வைத்தார்.

நான் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். எழுத்து, என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "சாமிக்கு மூஞ்சி தெரிஞ்சாப் போதுங்க. எழுத்த யாரு கும்புடறாங்க?"

பொங்கலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை எண்ணினேன்: ஐந்து பேர் சேர்ந்து காப்பாற்றியதில், எழுபத்தொன்றில் மீதி ஒன்பது.