பூமாவுக்கு அங்கே என்ன அலுவல்?

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் லண்டன் டூட்டிங்கில் மூன்று கடை வைத்திருக்கிறேன், மூன்றும் என் கையால் எழுப்பியவை. வீட்டில் என் சொல்தான் கடைசி.

போன மாதம் சாப்பிடும்போது மருமகள் ஒரு செய்தி சொன்னாள். அமெரிக்காவில் பூமா என்கிற பெரிய காட்டுப்பூனையை முந்திப் பல இடங்களில் சுட்டு அழித்துவிட்டார்களாம். இப்போது அது அங்கெல்லாம் திரும்பி வரக்கூடுமாம். அதை ஆராய அவளுக்கு ஆறு மாத வேலை கிடைத்திருக்கிறது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அங்கை இப்ப சனம் வீடு கட்டி இருக்குது. இனி அதுக்கு அங்கை என்ன அலுவல்? இந்த விசர் வேலைக்கு நீ போகத் தேவையில்லை."

அவள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள். "மாமா, போன வருசம் ஊரிலை நீங்கள் விட்டிட்டு வந்த காணியைப் பாக்கப் போனியளெல்லோ. இப்ப அங்கை குடியிருக்கிறவர் உங்களிட்டை என்ன கேட்டவர்?"

கேற்றைக்கூடத் திறக்காமல், "இனி உங்களுக்கு இங்கை என்ன அலுவல்?" என்று கேட்டார். அந்த அநியாயத்தைக் கடைக்கு வந்த எல்லாரிடமும் சொல்லிக் கொதித்தவன் நான்.

மகன் சிரித்தான். "அப்பா, பூமாவிட்டைக் காணி உறுதிப் பத்திரம் இருக்கோ எண்டு கேளுங்கோ."

நான் சிரிக்கவில்லை. "போயிட்டு வா பிள்ளை" என்றேன். பிழை என்னுடையது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அந்த மனிசன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அவன் கேட்டதையே என் வாயும் கேட்டதே, அதுதான் அதைவிடக் கூடச் சுடுகிறது.