எதிர் அறையில் படப்பிடிப்பு

"குடும்பப் படம்தான் ஆன்டி, சண்டை கிண்டை ஒன்னும் கிடையாது" என்று சொல்லித்தான் தயாரிப்பு நிர்வாகி எங்கள் வீட்டைக் கேட்டார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையை அலுவலகமாக வைத்துக்கொண்டு படம் எடுக்கும் சின்னக் குழு அது. கிள்ளானில் பழைய வரிசை வீடு, எதிரெதிரே இரண்டு அறை, நடுவில் குறுகலான நடை. அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். என் கணவர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பார். "குடுத்துடு, வீட்டுல நாலு பேர் நடமாடட்டும்" என்று போனிலேயே முடித்துவிட்டார்.

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம். எதிர் அறைக் கதவை மட்டும் யாரும் தட்டக்கூடாது. அதில் என் மகன் இருக்கிறான்.

கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தவன் படிப்பைப் பாதியில் விட்டு வந்தான். வந்து கதவைச் சாத்திக்கொண்டான். குளிக்கவும் மருத்துவமனைக்குப் போகவும் வெளியே வருவான். கேட்டதற்கு ஆம், இல்லை. அதற்கு மேல் பேச்சில்லை. வற்புறுத்தாதீர்கள், அவனாகத் திறக்கட்டும் என்றார் டாக்டர். சொந்தக்காரர்கள் செய்வினை என்றார்கள். சுங்கை வேயில் இருக்கும் என் நாத்தனார், சாமியாடி ஒருவரின் போன் நம்பரைக்கூட வாங்கி வைத்திருந்தாள். அவர்கள் வாயை அடைப்பது என் வேலையில்லை. வேளாவேளைக்குத் தட்டைக் கதவருகே முக்காலியில் வைப்பேன். வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். எனக்காக அந்தக் கதவை என்றாவது திறப்பானா என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை. மற்றதெல்லாம் தன்பாட்டுக்கு நடந்தது.

முதல் நாள் காலையில் கேமராவுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, வாசலில் தேங்காய் உடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் டைரக்டர் எனக்குக் கதை சொன்னார். மனம் சரியில்லாத மகன் அறைக்குள் அடைந்து கிடக்கிறான். தாய் வெளியே தவிக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. யாரோ எங்கள் வீட்டுச் சங்கதியைப் போய் ஊதிவிட்டார்கள் என்று நிர்வாகியைத் தனியாகப் பிடித்தேன்.

"ஐயோ ஆன்டி, சத்தியமா இல்ல லா. இது பழைய கதை. நீங்க கண்டிஷன் போட்டப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. சொன்னா வீடு கெடைக்காதுன்னு பயந்துட்டேன்."

சூடம் காட்டியாகிவிட்டது. பூஜை போட்ட இடத்தை மாற்றினால் படத்துக்கு ஆகாது என்று அவர்கள் நினைப்பார்கள். பூஜை போட்டவர்களை வெளியே அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது என்று எனக்கும் பட்டது. எரிச்சலோடு போய்த் தேநீர் கலக்கினேன்.

ஒலிப்பதிவு செய்கிறவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காமலிருக்கத் தன் கார் சாவியை அதற்குள்ளேயே வைப்பாராம். சாவியில்லாமல் வீட்டுக்குப் போக முடியாதல்லவா. கெட்டிக்கார ஏற்பாடுதான். முதல் நாள் அவர் வந்தது நிர்வாகியின் காரில். சாவியை உள்ளேயே விட்டுவிட்டு அந்தக் காரிலேயே திரும்பியும் போய்விட்டார். நான் வாங்கி வைத்திருந்த மீனெல்லாம் நாறிப்போனது.

மறுநாள் கதவு தட்டும் காட்சி. தாயாக நடித்த பெண் என்னைவிட இளையவர், தலையில் பவுடர் நரை. அவர்களுக்குக் கொடுத்த அறையின் பூட்டிய கதவை இரண்டு கையாலும் அடித்து, "ஐயா, கதவத் தொறடா! அம்மா செத்துருவேண்டா!" என்று கதறி, அப்படியே சரிந்து உட்கார வேண்டும். நன்றாகத்தான் அழுதார். டைரக்டருக்குத் திருப்தியில்லை. "இன்னும் உள்ளேர்ந்து வரணும்கா" என்று மறுபடி மறுபடி எடுத்தார். விசிறிச் சத்தம்கூட இல்லாத வீட்டில் அந்த அழுகை மட்டும் கேட்டது. அத்தனையும் எதிர் அறைக்குள் என் மகன் காதில் விழுந்துகொண்டிருந்தது. போதும், நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் எழுந்தேன்.

அதற்குள் எதிர்க் கதவு திறந்தது. கைலியோடு என் மகன் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. டைரக்டரைப் பார்த்தான்.

"சாரி பாஸ். எங்கம்மா இப்படிலாம் கத்தமாட்டாங்க."

தரையில் சரிந்து கிடந்த நடிகை திரும்பிப் பார்த்தார்.

"சாப்பாடு வச்சிட்டு சும்மா நிப்பாங்க. கதவுக்கு அடியில கால் நிழல் தெரியும். அது போற வரைக்கும் பார்த்துட்டே இருப்பேன். அப்புறந்தான் சாப்பாட்ட எடுப்பேன்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். இத்தனை மாதம் பெற்றவளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத கூட்டத்திடம் சொல்கிறான். நான் நிற்பது அவனுக்குத் தெரியாது என்றே இருந்திருக்கிறேன்.

டைரக்டர் என்னிடம் வந்து, அந்த நிழலை உள்ளேயிருந்து எடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தக் கதவை நானும் தட்டுவதில்லை. "கேமராவ உள்ள வைக்கணுமாம். உனக்கு இஷ்டம்னா மட்டும்" என்று நடையில் நின்றே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கேமராக்காரர் ஒருவரை மட்டும் உள்ளே விட்டான்.

நடிகை தட்டை முக்காலியில் வைத்துவிட்டு நின்றார். உள்ளேயிருந்து என் மகன் குரல் வந்தது.

"இது எங்கம்மா இல்ல. அவங்களுக்கு முட்டி வலி. கால மாத்தி மாத்தி நிப்பாங்க."

நடிகை என்னைப் பார்த்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

நான் நடிக்கவில்லை. தட்டை வைத்தேன், நின்றேன். இடது கால் வலித்தபோது வலது காலுக்கு மாறினேன். தினமும் செய்கிற வேலைதான்; பின்னால் பத்துப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது மட்டும் புதிது. கதவுக்கு அந்தப்பக்கம் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்து நிற்பது சிரமமாக இருந்தது. டைரக்டர் "கட்" என்றார். ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள். யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். எனக்கு அங்கிருந்து போகத் தோன்றவில்லை. மறுபடியும் கால் மாற்றினேன்.

கதவு திறந்தது. கேமராக்காரர்தான் வெளியே வந்தார். அவர் பின்னாலேயே சாத்திக்கொள்ளும் என்று பார்த்தேன். சாத்தவில்லை.

"ம்மா, கட் சொல்லிட்டாங்க" என்றான் உள்ளேயிருந்து. "இன்னும் நிக்கிறீங்க. உள்ள வந்து உக்காருங்க."

படத்துக்காக வைத்த தட்டு, அதில் ஒன்றுமில்லை. அதையும் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.