இருபத்தேழாவது வளைவில் கட்டிய துவாலை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் அண்ணன் மகள் அனிதா தொலைபேசியில் அழைத்தாள். “அத்தை, அம்மா இறந்துட்டாங்க” என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, “வேன் எங்கன நிக்கு?” என்பது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிலோமி மதினியை அவரது வேனிலிருந்து பிரித்து நினைக்க எனக்கு இன்னும் வரவில்லை.

வேன் மீன்பிடித் துறைமுகத்தில் நின்றது. ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டி ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்ததாகவும், பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைத்திருந்ததாகவும் அங்கிருந்த அண்ணாச்சி ஒருவர் சொன்னார். “தரை பலகை மாதிரி இருக்கு, எதுக்கு இந்தம்மா தெனமும் கல்லு வைக்காவன்னு கேட்டுச் சிரிப்போம்மா” என்றார். அந்தக் கல்லின் காரணம் எனக்குத் தெரியும்.

மதினியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் என் அண்ணனின் மனைவி. இறக்கும்போது வயது ஐம்பத்தேழு. அண்ணன் துறைமுகப் படகுகளுக்கு ஐஸ் கொடுத்துவந்தார். அவர் இறந்த பிறகு, வேனை விற்றுவிடலாம் என்று உறவினர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மதினி குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, “ஓட்டப் படிச்சா ஓடாதா அது?” என்று கேட்டார். பேச்சு அத்தோடு நின்றது. உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில் அவர் ஓட்டக் கற்றுக்கொண்டார். “முன்னால யாருமில்ல, பின்னால யாருமில்ல. விழுந்தாலும் உப்பு. புண்ணு எரியும், அவ்வளவுதான்” என்பார்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் எதையும் முடித்தவள் அல்ல. வயலின், இந்தி, எம்.ஏ. எல்லாவற்றையும் பாதியில் விட்டேன். திருமணத்திலிருந்தும் நான்கு ஆண்டுகளில் திரும்பி வந்தேன். “ரெஜினா எதையும் கரை சேக்க மாட்டா” என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கமான வேடிக்கை. நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். நாற்பது வயதில் சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன். தினமும் விடியற்காலையில் கடற்கரைச் சாலை, பிறகு கிளியரிங் ஏஜென்சி அலுவலகம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், தூத்துக்குடியிலிருந்து மூணாறு வழியாக வால்பாறை வரை சைக்கிளில் போகப்போகிறேன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மதினி மட்டும், “எத்தன நாளு ஆகும்? வேன எடுத்துக்கிட்டு நானும் கூட வந்தா ஐஸுக்கு ஆளு சொல்லணும்லா” என்றார்.

இந்த ஒன்றையாவது முடிக்க வேண்டும் என்று அன்று உறுதிகொண்டேன். ஓரடிகூட வேனில் ஏறாமல் வால்பாறை சேர வேண்டும். அதை மதினியிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

கடலோர ஊரில் மலைக்குப் பயிற்சி எடுப்பது எப்படி? எங்களுக்கு வாய்த்த ஏற்றம் ஒரு மேம்பாலம்தான். நான் அதில் காலையில் இருபது முறை ஏறி இறங்குவேன். மதினி என் பின்னால் வேனை ஏற்றி, நடுப்பாலத்தில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பழகுவார். வேன் பின்னால் வழுக்கிவிடும் என்ற பயம் அவருக்குப் போகவே இல்லை. அதனால் தேங்காய் அளவில் ஒரு கருங்கல்லைத் தேடிப்பிடித்துத் தன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஒருநாள் போக்குவரத்துக் காவலர் எங்களை நிறுத்தி, “ரெண்டு பேரும் என்னத்தத் தொலைச்சீங்க?” என்று கேட்டார்.

ஜனவரியில் புறப்பட்டோம். மலையில் மீன் கிடைக்காது என்பதால் மதினி ஒரு பெட்டி நிறைய ஐஸும் சீலா மீனும் ஏற்றிக்கொண்டார். ஊற வைத்த மீனை வழியில் வறுத்துச் சாப்பிட்டோம். போகிற இடமெல்லாம் புது ஐஸ் வாங்கி நிரப்பிக்கொண்டே வந்தார். மூணாறில் விரல் மரத்துப்போகும் குளிரில் ஒரு தேநீர்க் கடையில் இறங்கி, “ஐஸ் எங்கன கிடைக்கும் அண்ணாச்சி?” என்று கேட்டார். கடைக்காரர் எங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, “பெட்டியத் தொறந்து வெளிய வைங்கம்மா, போதும்” என்றார். அதன்பிறகு இருநூறு கிலோமீட்டருக்கு நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மதினி வேன் ஓட்டிய முறையை நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை. இரண்டு வளைவு முன்னால் போய் நிறுத்துவார். சக்கரத்துக்குக் கல் வைப்பார். பிறகு சாலையோரம் நின்று நான் வரும் திசையையே பார்த்திருப்பார். நான் சேர்ந்ததும் தண்ணீரும் கருப்பட்டித் துண்டும் தருவார். வேறொன்றும் கேட்கமாட்டார். போடிமெட்டு ஏற்றத்தில் பதினோராவது வளைவில் நான் சாலையோரம் சரிந்து உட்கார்ந்தபோதும் அவர் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

“முடியுதான்னு ஒரு வார்த்த கேக்கக்கூடாதா மதினி?”

“அத நீயில்லா சொல்லணும். எனக்கெப்படித் தெரியும்?”

அன்று மாலை போடிமெட்டில் காரணத்தைச் சொன்னார். அவருடைய அப்பா கடலடியில் மூழ்கிச் சங்கு குளித்தவர். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகிலிருந்து பிடித்தவர் தாய்மாமா. “அப்பா அடியில கெடக்கையில மாமா வாயத் தொறக்க மாட்டாரு. கண்ணு கயித்துலயே இருக்கும். அப்பா கயித்த அசைச்சாத்தான் இழுப்பாரு.”

“ஏன் மாமா? வேற ஆள் பிடிக்கக்கூடாதா?”

“கீழ கெடக்கது தங்கச்சி புருசன்லா. வேற எவன் அவ்வளவு கவனமா இருப்பான்?” என்று சொல்லிவிட்டு என் முழங்காலில் தைலம் தேய்த்தார். “நீ எம்புருசனுக்குத் தங்கச்சி. நான் மாமாவவிட ஒருபடி கூடக் கவனமா இருக்கணும். பேசாம காலு நீட்டுளா.”

ஒன்பதாம் நாள் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறத் தொடங்கினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இருபதைத் தாண்டியதும், அந்தப் பருவத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்துக்கொண்டது. பனிமூட்டம் இறங்கியது. விரல்கள் விறைத்துக் கைப்பிடி பிடிபடவில்லை. இருபத்தேழாவது வளைவில் எதிரே வந்த பேருந்தின் ஹாரன் என் காதில் விழவே இல்லை. அது என்னை உரசாமல் ஒடித்துத் திருப்பிப் போனதையும் பிறகு மதினி சொல்லித்தான் அறிந்தேன். நான் கண்டது, மழையில் ஓடிவந்து என் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றிய இரண்டு கைகளை மட்டும்.

“ஏறு வண்டில.”

“நான் சொல்லலயே மதினி!”

“சொல்லுததுக்குக் குளிருல உனக்கு வாயி கோணுது. ஏறுளா.”

சைக்கிளைத் தூக்கி வேனில் போட்டார். நான் இருக்கையில் சுருண்டு அழுதேன். “கடைசியில நீங்களும் எல்லாரையும் போலத்தான்” என்று கத்தினேன். எத்தனை குரூரமான சொல் அது. அவர் தலையில் போட்டிருந்த துவாலையை எடுத்துக்கொண்டு மறுபடி மழைக்குள் இறங்கினார். சற்றுநேரம் கழித்துத்தான் வந்தார். கல்லை எடுக்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். வால்பாறை போய்ச் சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை. விடுதியில் அவர் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் போல இதையும் விட்டாயிற்று என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

விடிந்ததும் மதினி எழுப்பினார். மழை விட்டிருந்தது.

“எந்திரி. கீழ போணும்.”

ஊருக்குத் திரும்புகிறோம் என்று நினைத்தேன். முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று வளைவுப் பலகைகள் கடந்தன. இருபத்தேழில் வேனை நிறுத்தினார். சாலையோரத் தடுப்புக் கம்பத்தில் அவருடைய நீலக்கட்டத் துவாலை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டு, நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“நேத்து உன்ன இழுத்த எடம் இதான். இங்கன இருந்து ஏறு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மதினி பொறுமையாகச் சொன்னார்: “கயிறு அசையாட்டாலும், மூச்சு முட்டுதுன்னு தெரிஞ்சா மாமா கேக்க மாட்டாரு, இழுத்துருவாரு. இழுத்த எடத்துல ஒரு மிதவையக் கட்டிப் போடுவாரு. அப்பா மேல வந்து, வெந்நி குடிச்சிட்டு, திருப்பி அதே எடத்துலதான் எறங்குவாரு. இழுத்துட்டாவன்னு சங்கு எந்திரிச்சு எங்கயும் போயிராதுல்லா?”

“ஆனா வண்டில ஏறிட்டேனே. இனி ஏறினா முழுசா ஏறினதா ஆகுமா?”

“எங்கப்பா ஒரே மூச்சுலயா அம்புட்டுச் சங்கும் எடுத்தாரு? போளா, வெயிலு வந்துரும்.”

பாதியில் விட்டவை என்று நான் சுமந்து திரிந்த எல்லாவற்றையும் அந்தப் பதின்மூன்று வளைவுகளில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். நான் விட்டுவந்தது உண்மைதான். ஆனால் விட்ட இடங்கள் அங்கேயேதான் இருக்கின்றன என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஊர் திரும்பியதும் எம்.ஏ.வுக்கு மறுபடி பதிவு செய்தேன். தேர்வு நாட்களில் மதினி மையத்துக்கு வெளியே வேனில் காத்திருந்தார். எப்படி எழுதினாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சென்ற ஆண்டு தேறினேன். அவருடைய நச்சரிப்பில் ஓட்டுநர் உரிமமும் எடுத்தேன். அதற்குள் எங்கள் அலுவலகத்தில் இன்னும் இரண்டு பெண்கள் சைக்கிள் வாங்கியிருந்தார்கள். அவர்களைக் கொடைக்கானலுக்கு ஏற்ற, வருகிற ஜனவரிக்கு மதினி நாள் குறித்து வைத்திருந்தார்.

அடக்கம் முடிந்த அன்று அனிதா என் கையில் வேன் சாவியை வைத்தாள். அந்த இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி, “கொடைக்கானல விட்டுருவோம்கா” என்றாள். “நீங்க ஏறுங்க. நான் ஓட்டுதேன்” என்றேன்.

மழை விட்ட அந்தக் காலையில், வால்பாறைச் சாலையின் நாற்பதாவது வளைவை நான் தொட்டபோது பத்து மணி இருக்கும். மதினி பலகையருகே நின்றிருந்தார். கைதட்டவில்லை. என்னை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தார். “வந்துட்டல்லா? அஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கிடுதேன்” என்று சொல்லி ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்தார். பத்து நாட்களாக ஒரு பகல்கூடக் கண்ணயராதவர், வாயைத் திறந்து, சன்னமாகக் குறட்டை விட்டு, இரண்டு மணி நேரம் தூங்கினார். தேயிலைச் சரிவில் வெயில் ஏறியது. வண்டிகள் வருகிற போகிற பக்கமாக நான் நின்றுகொண்டேன். ஒருமுறை பாதி விழித்து, “வண்டிய யாருளா பாத்துக்கிடுதா?” என்று கேட்டார்.

“நாந்தான் மதினி. தூங்குங்க.”

“அப்பச் சரி” என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

போய் வாருங்கள், மதினி. வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.