டீக் ஹை, சாப்

தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் செங்கம்மாளுக்கு வாய் ஓயாது. சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்துகொண்டே, அருணகிரி வடக்கே பனிமலையில் காவல் நின்ற கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பதினேழு வருஷம் பட்டாளம். அந்தக் குடும்பத்தில் டில்லியைத் தாண்டிப் போன ஒரே ஆள் அவன்தான். ஆனால் 2007-இல் மழை பிடித்த நாளிலிருந்து அவள் அந்தக் கதையைச் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

ஊர் திரும்பியதும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் கேட்டில் அவனுக்குக் காவல் வேலை கிடைத்திருந்தது. அந்த மழையில்தான் அவன் விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. சாயங்காலமானால் லேசான ஜுரம். இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி அசதி. காலையில் நடை தள்ளாடும்.

"இன்னா மிலிட்டரி, காலங்காத்தாலயே கோட்டா உள்ள பூட்ச்சா?" என்பான் சூப்பர்வைசர் விஜயகுமார். பட்டாளத்துக் கோட்டாவில் கிடைக்கும் ரம்மை அருணகிரி தொட்டதே இல்லை. ஆனாலும் பதில் சொல்ல மாட்டான். வலி என்று வாயைத் திறப்பவனை வேலைக் கள்ளன் என்று சொல்லும் இடத்தில் பழகியவன்.

சென்னையில் முன்னாள் பட்டாளத்துக்காரர்களைப் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் செங்கம்மாள் அவனைக் கூட்டிப் போனாள். அவரும் பட்டாளத்தில் மேஜராக இருந்தவர். அருணகிரி மழமழவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் உள்ளே போனான். சீக்கிரமே திரும்பிவிட்டான்.

"இன்னாடா சொன்னாரு?" ரயிலில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"சத்து மாத்திரை குட்த்தாரு. எப்டி கீறன்னாரு. டீக் ஹை சாப்னேன்."

"அப்டின்னா?"

"நல்லா கீறேன்யான்னு அர்த்தம்."

"இத்த சொல்றதுக்காடா லீவு போட்டு உன்ன இட்டாந்தேன்?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை தலை நீட்டியது. பிடுங்கிப் பார்த்தாள். டாக்டர் கொடுத்தது இல்லை, மெடிக்கல் ஷாப்பில் அவனே கேட்டு வாங்கியது. முந்தின நாளே போட்டு வீக்கத்தை வற்ற வைத்திருக்கிறான். பட்டாளத்தில் வருஷா வருஷம் நடக்கும் உடல் சோதனைக்கு முன்னால் எந்த நோவையும் இப்படி மறைத்துப் பழகியவன்.

"வீங்கன கையோட போயி ஆபீசர் முன்னாடி நிக்க சொல்றியா?" என்றான்.

அவளுக்குச் சண்டை போடக்கூடச் சக்தி இல்லை. அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் கேட்டின் தடுப்புக் கட்டையைத் தூக்க அவன் விரல்கள் மடங்கவில்லை. லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. செய்தி வந்தபோது, வேலை போய்விடுமே என்பது கூடச் செங்கம்மாளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கை இப்படியே விறைத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். மறுநாளே அதே டாக்டரிடம் கிளம்பினார்கள். மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். இந்த முறை அவளும் அறைக்குள் போனாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

அருணகிரி குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றான். "டீக் ஹை, சாப்!"

"பொய்யி, டாக்டரய்யா," என்றாள் செங்கம்மாள். "அவன் பொண்டாட்டி வினோதா காலைல ஷிப்டுக்குப் பூட்டா. இந்தச் சட்டை பட்டன் அத்தினியும் நான்தான் போட்டேன். போன தபா வீக்கம் வத்த இத்தப் போட்டுக்கினு வந்தான்." முடிச்சை அவிழ்த்து அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

அவன் முகம் செத்துப்போனது. டாக்டர் எழுந்து வந்து அந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். கணுவை லேசாக அழுத்தினார். அருணகிரியின் கண்ணில் நீர் முட்டியது.

ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு வந்து சொன்னார்: "கிருமி வந்தா எதிர்க்கறதுக்கு உடம்புல ஒரு சக்தி இருக்கு. வேலை முடிஞ்சதும் அது அடங்கிடணும். உங்களுக்கு அடங்கல. சொந்த மூட்டுகளையே தாக்குது. வீக்கம், ஜுரம், அசதி எல்லாம் அதனாலதான்."

"பனியில கெடந்ததாலயாய்யா?"

"அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. வருஷக்கணக்கா தூக்கமில்லாம, எந்நேரமும் பதட்டத்துலயே இருந்த உடம்புல இந்த அழற்சி கூடலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. பட்டாளத்துலேர்ந்து வந்தவங்க நிறைய பேரு இப்படி வர்றாங்க. முழுசா போகும்னு சொல்ல மாட்டேன். கட்டுப்படுத்தலாம். ஆனா வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். அது ஆர்டர்."

ரயிலில் அவன் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். மீஞ்சூர் தாண்டும்வரை அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒரு ஆபீசர் முன்னால் தம்பியின் மானத்தை வாங்கியது தான்தானே. ஆனாலும், நாளைக்கே இன்னொரு தடவை சொல்லச் சொன்னாலும் சொல்லுவாள்.

பொன்னேரியில் கூட்டம் இறங்கியது. ஒரு பூக்காரியும் இரண்டு ஆலைத் தொழிலாளிகளும்தான் மிச்சம். அருணகிரி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யக்கா."

"இன்னா?"

"காலு வீங்கிக்கினு கீது. ஷூ கடிக்குது. வலிக்குதுக்கா." பூக்காரி திரும்பிப் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. "லேஸ அவுத்து வுடு."

செங்கம்மாள் குனிந்து முடிச்சைத் தேடினாள்.